ஆறு பெரியதா, எட்டு பெரியதா? பழைய காருக்கு ஸ்பார்க் பிளக் வாங்கும் முன்

கேள்வி: எங்கள் கார் 1994-ல் வந்தது. நாலு சிலிண்டர், கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர். அப்பா ஓட்டியது, இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. ஐடிலிங்கில் லேசாக உதறுகிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டுக்குக் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. பிளக் மாற்றிப் பார்க்கலாம் என்று நானே நாலையும் கழற்றினேன். மூன்றில் என்ஜிகே பிபிஆர்6இஎஸ் (NGK BPR6ES) என்று போட்டிருக்கிறது. நான்காவது சிலிண்டரில் மட்டும் பாஷ் டபிள்யூஆர்8டிசி (Bosch WR8DC). அந்த ஒன்று மட்டும் கறுப்பாக, ஈரமாக இருந்தது. வண்டியோடு வந்த கையேடு தொலைந்துவிட்டது. கடைக்காரர் இரிடியம் போடச் சொல்கிறார், மைலேஜும் பிக்கப்பும் கூடுமாம். எங்கள் மெக்கானிக், “பழைய வண்டிக்கு அதெல்லாம் எதற்கு, காப்பர் போதும்” என்கிறார். நண்பர் ஒருவர், “8 ரொம்ப கோல்ட் பிளக், அதனால்தான் கரி பிடித்திருக்கிறது. நாலிலும் 5 போட்டுவிடு” என்கிறார். இதில் யார் சொல்வதைக் கேட்பது?

பதில்:

முதலில் ஒரு பாராட்டு. எந்த பிளக் எந்த சிலிண்டரிலிருந்து வந்தது என்று குறித்து வைத்திருக்கிறீர்களே, அதுவே பாதி வேலை. நாலையும் ஒரே டப்பாவில் போட்டுக் குலுக்கிக் கொண்டுவந்து, “பார்த்துச் சொல்லுங்க” என்று கேட்பவர்கள்தான் அதிகம். அப்படி வந்தால் பிளக்கைப் பற்றிச் சொல்லலாம், இன்ஜினைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

உங்கள் நண்பர் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். அது தவறு, ஆனால் ரொம்ப இயல்பான தவறு. பிளக்கில் இருக்கும் அந்த ஒற்றை எண் அதன் ஹீட் ரேஞ்சைக் குறிக்கிறது (மூக்கு சூட்டைத் தன்னிடமே வைத்துக்கொண்டால் ஹாட், சீக்கிரம் இறக்கிவிட்டால் கோல்ட்), அதுவரை சரி. ஆனால் எண் ஏறினால் கோல்டா, ஹாட்டா என்பது ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறு. என்ஜிகேயிலும் டென்சோவிலும் எண் ஏற ஏற பிளக் கோல்ட். பாஷிலும் சாம்பியனிலும் நேர் எதிர், எண் ஏற ஏற ஹாட். அளவுகோலும் ஒன்றல்ல. என்ஜிகேயின் பிபிஆர்6இஎஸ்ஸுக்கு இணை டென்சோவில் டபிள்யூ20இபிஆர்-யு, பாஷில் டபிள்யூஆர்7டிசி, சாம்பியனில் ஆர்என்9ஒய்சி. ஒரே வேலையைச் செய்யும் நாலு பிளக், நெற்றியில் மட்டும் 6, 20, 7, 9 என்று நாலு எண்!

ஆக, உங்கள் நான்காவது சிலிண்டரில் இருக்கும் பாஷ் 8, என்ஜிகேயின் 5-க்குச் சமம். மற்ற மூன்றையும் விட அது ஒரு படி ஹாட். நண்பர் நினைத்ததுபோல் இரண்டு படி கோல்ட் அல்ல. ‘நாலிலும் 5 போடு’ என்று அவர் சொன்ன அதே ரேஞ்ச் ஏற்கெனவே அந்த சிலிண்டரில் இருக்கிறது. இருந்தும் கறுத்துப்போயிருக்கிறது.

இங்கேதான் எனக்கு மூக்கில் வியர்க்கிறது. மூன்றில் ஒரே பிளக், ஒன்றில் மட்டும் சரியாக ஒரு படி ஹாட். அவசரத்துக்குக் கையில் கிடைத்ததைப் போட்டிருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் பழைய மெக்கானிக்குகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஏதாவது ஒரு சிலிண்டர் ஆயில் குடிக்க ஆரம்பித்து, அந்த பிளக் மட்டும் அடிக்கடி நனைந்து மிஸ்ஸிங் அடித்தால் (அந்த சிலிண்டர் எரியாமல் விட்டுப்போனால்), இன்ஜினைப் பிரிக்கச் செலவாகுமே என்று அந்த ஒன்றில் மட்டும் ஒரு படி ஹாட் பிளக் போட்டுவிடுவார்கள். ஹாட் பிளக்கின் மூக்கு அதிகச் சூட்டில் இருப்பதால் படிகிற ஆயிலை ஓரளவு எரித்துத் தள்ளிவிடும். வண்டி இன்னும் கொஞ்ச நாள் ஓடும். அப்பாவின் காலத்தில் யாரோ அப்படிச் செய்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அந்த வைத்தியம் இப்போது பலிக்கவில்லை என்பதைத்தான் அந்த ஈரம் காட்டுகிறது.

அதனால் கடைக்குப் போவதற்கு முன் அந்த நான்காவது பிளக்கை இன்னொரு முறை கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். விரலால் தொட்டுப் பாருங்கள், மோந்தும் பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்து, பத்து நிமிடம் வைத்தால் காய்ந்துவிடுகிறது என்றால் அங்கே ஸ்பார்க்தான் விழவில்லை. பிளக் வயரோ, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியோ, பிளக்கேயோ காரணமாக இருக்கலாம். வாடை இல்லாமல், விரலில் வழுவழுவென்று ஒட்டி, எவ்வளவு நேரம் வைத்தாலும் பளபளப்பு போகவில்லை என்றால் அது ஆயில். ஈரமே இல்லாமல் துணியில் துடைத்தால் கண்மை போல மென்மையான கரி வருகிறது என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது என்று பொருள். ஆனால் கார்புரேட்டரோ ஏர் ஃபில்டரோ காரணமாக இருந்தால் பெரும்பாலும் நாலு பிளக்கும் சேர்ந்து கறுக்கும். ஒன்று மட்டும் கறுத்தால் சந்தேகம் அந்த சிலிண்டர் மேல்தான்.

ஆயில் என்று தெரிந்தால், சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்துவிடுங்கள். நாலு சிலிண்டரிலும் அளந்து, நான்காவது மட்டும் குறைவாக வந்தால், அதில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு சரியாக உட்காரவில்லை. நாலிலும் கம்ப்ரஷன் நன்றாகவே இருந்து, காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் மட்டும் குப்பென்று நீலப் புகை வந்து நின்றுபோனால் வால்வு ஸ்டெம் சீல் (வால்வுத் தண்டு வழியே ஆயில் இறங்காமல் தடுப்பது). அது சின்ன வேலை, பல இன்ஜின்களில் ஹெட்டை (சிலிண்டர்களின் மேல்மூடியை) கழற்றாமலே மாற்றிவிடலாம். இதையெல்லாம் இப்போதே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆயில் குடிக்கிற சிலிண்டரில் எவ்வளவு விலை உயர்ந்த பிளக்கைப் போட்டாலும் அது சீக்கிரமே நனையும். இரிடியமும் நனையும்.

சரி, எந்த பிளக்?

கழற்றிய பிளக்கில் இருக்கும் எண்ணையே கொண்டுபோய், “இதே கொடுங்க” என்று வாங்குவதுதான் வழக்கம். பெரும்பாலும் பிரச்சினை வராது. ஆனால் முப்பது வருஷத்து வண்டியில் அந்த எண், கடைசியாகக் கை வைத்தவர் எதைப் போட்டார் என்பதை மட்டுமே காட்டும். அவருக்கு முன்னால் கை வைத்தவரும் தவறியிருக்கலாம். எனவே கார் கம்பெனி அந்த இன்ஜினுக்கு எதைச் சொன்னது என்று கண்டுபிடியுங்கள். கையேடு இல்லாவிட்டால் போகட்டும். பானெட்டைத் திறந்தால் அதன் உட்புறத்திலோ, ரேடியேட்டர் மேலே உள்ள சட்டத்திலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கலாம். டைமிங், ஐடிலிங் ஆர்பிஎம், பிளக் கேப் (நடுமுனைக்கும் வெளிக்கம்பிக்கும் உள்ள இடைவெளி) எல்லாம் பல வண்டிகளில் அதிலேயே இருக்கும். அதுவும் உரிந்துபோயிருந்தால் இன்ஜின் பிளாக்கில் பொறித்திருக்கும் இன்ஜின் கோடை எழுதிக்கொண்டு, பிளக் கம்பெனிகளின் பட்டியலில் தேடுங்கள். கார் பெயரையும் வருஷத்தையும் மட்டும் வைத்துத் தேடாதீர்கள். ஒரே பெயர், ஒரே வருஷம், இரண்டு வேறு இன்ஜின் என்பது சர்வ சாதாரணம். முடிந்தால் இரண்டு கம்பெனிகளின் பட்டியலைப் பார்த்து, இரண்டும் ஒரே ரேஞ்சைச் சொல்கிறதா என்று ஒப்பிடுங்கள்.

உங்கள் வண்டிக்குப் பட்டியலும் பிபிஆர்6இஎஸ் என்றே சொன்னால், அந்த எழுத்துகளைக் கொஞ்சம் பிரித்துப் படித்துவிடுங்கள், கடையில் யாரும் ஏமாற்ற முடியாது. ‘பி’ (B) என்றால் மரையின் விட்டம் 14 மி.மீ., ஸ்பேனர் பிடிக்கும் அறுகோணம் 20.8 மி.மீ. அடுத்த ‘பி’ (P), பீங்கான் மூக்கு வெளியே நீண்டிருக்கிறது என்பதற்கு. ‘ஆர்’ என்றால் உள்ளே ரெசிஸ்டர் உண்டு. 6, ஹீட் ரேஞ்ச். ‘இ’, மரையின் நீளம் 19 மி.மீ. ‘எஸ்’, சாதாரண நிக்கல் முனை. கடைசியில் ஒரு கோடு போட்டு 11 என்று இருந்தால் அதன் இடைவெளி 1.1 மி.மீ. முதல் எழுத்து ‘பிசி’ (BC) என்று மாறினால் மரை அதேதான், அறுகோணம் மட்டும் 16 மி.மீ. ஆகிவிடும். உங்கள் ஸ்பேனர் அதில் பொருந்தாது.

இந்த எழுத்துகளில் உயிர் போகிற விஷயம் மரையின் நீளம்தான். நான் தொழில் பழகிய புதிதில் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். 12.7 மி.மீ. மரை வேண்டிய இன்ஜின் அது. அலமாரியில் இருந்த 19 மி.மீ. பிளக்கை எடுத்து மாட்டிவிட்டேன். விட்டம் அதே 14, அதனால் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கியது. ஸ்பேனரை வைத்து இறுக்கும்போது ஒரு சந்தேகமும் வரவில்லை. ஸ்டார்ட்டரைத் தட்டியவுடன் ‘டக்’ என்று ஒரு சத்தம், இன்ஜின் நின்றுவிட்டது. கழற்றிப் பார்த்தால் வெளிக்கம்பி அப்படியே நசுங்கி நடுமுனையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிஸ்டன் வந்து அடித்திருக்கிறது. ஸ்டார்ட்டர் வேகத்தில் அடித்ததால் பிஸ்டன் தலையில் சின்ன வடுவோடு தப்பியது, ஓடுகிற வேகத்தில் அடித்திருந்தால் இன்ஜினே போயிருக்கும். அன்றிலிருந்து இன்றுவரை, புது பிளக்கையும் பழைய பிளக்கையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, வாஷர் உட்காரும் இடத்திலிருந்து மரை முடியும் இடம்வரை கண்ணால் அளக்காமல் நான் எதையும் மாட்டுவதில்லை. பழையதே தப்பாக இருக்கக்கூடும் என்பதால் பட்டியலில் போட்டிருக்கும் நீளத்தோடும் ஒப்பிடுவேன்.

நீளம் குறைந்தாலும் தொல்லைதான், உடனே தெரியாது, அவ்வளவுதான். பிளக் எட்டாத ஹெட்டின் உள்மரைகள் நெருப்பில் நனைந்து கரி கட்டிக்கொள்ளும். வண்டி ஏதோ ஓடும். இரண்டு வருஷம் கழித்து யாராவது சரியான நீளத்தில் பிளக்கைப் போடும்போது, கடைசி நாலு மரையில் வந்து இறுகி நின்றுவிடும். பலத்தைக் காட்டினால் அலுமினிய ஹெட்டின் மரை கையோடு வந்துவிடும்.

உட்காரும் விதமும் இரண்டு உண்டு. தட்டையான வாஷர் போட்டது ஒன்று, வாஷரே இல்லாமல் கூம்பாகச் சரிந்திருப்பது இன்னொன்று. ஒன்றுக்குப் பதில் இன்னொன்று ஆகாது. கூம்பு வகையைப் பார்த்து ‘வாஷர் விழுந்துவிட்டது போல’ என்று நினைத்து வாஷர் மாட்டியவரையும் பார்த்திருக்கிறேன்.

இனி ஹீட் ரேஞ்ச். ஹாட் பிளக் என்றால் சூடான ஸ்பார்க், அதனால் பவர் அதிகம் என்று ஒரு நினைப்பு பலருக்கு இருக்கிறது. ஸ்பார்க்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நடுமுனையைச் சுற்றியுள்ள பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால் சூடு வெளிக்கூட்டுக்குப் போய்ச் சேர வெகுதூரம் நடக்க வேண்டும், அதனால் மூக்கு சூடாகவே இருக்கும். அது ஹாட் பிளக். மூக்கு குட்டையாக இருந்தால் சூடு சீக்கிரம் ஹெட்டுக்கு இறங்கிவிடும். அது கோல்ட். மூக்கு சுமார் 450 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் அதன் மேல் படியும் கரி தானாக எரிந்து போகும். 850-ஐ ஒட்டிப் போய்விட்டால் ஸ்பார்க் வருவதற்கு முன்பே அந்த மூக்கே கங்குபோல் கலவையைப் பற்ற வைத்துவிடும். பிஸ்டனில் ஓட்டை விழும் வேலை அது. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும்படி கார் கம்பெனி தேர்ந்தெடுத்த எண்தான் பட்டியலில் இருப்பது. அதனால் நாலிலும் 5 போடுகிற யோசனையை விட்டுவிடுங்கள். நன்றாக இருக்கிற மூன்று சிலிண்டர்களுக்கும் அது தேவையற்ற சூடு. குறிப்பாக, நெடுஞ்சாலையில் ஆள் ஏற்றிக்கொண்டு மணிக்கணக்கில் ஓட்டுவீர்கள் என்றால் வேண்டவே வேண்டாம்.

நான்காவதில் மட்டும் ஒரு படி ஹாட் போடலாமா? இன்ஜின் வேலைக்கு நாள் குறித்துவிட்டு, அதுவரை தள்ளுவதற்கு என்றால் போடலாம், தப்பில்லை. ஆனால் வேலை முடிந்த அன்றே பழையபடி 6-க்கு வந்துவிட வேண்டும். உங்கள் வண்டியில் நடந்ததாக நான் நினைப்பதும் இதுதான், தற்காலிகம் என்று போட்டது வருஷக்கணக்கில் அங்கேயே தங்கிவிட்டது.

இப்போது கடைக்காரருக்கும் மெக்கானிக்குக்கும் நடக்கிற பஞ்சாயத்து. காப்பரா, இரிடியமா?

‘காப்பர் பிளக்’ என்பதே ஒரு செல்லப் பெயர்தான். செம்பு உள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், சூட்டைக் கடத்துவதற்காக இருக்கிறது. இரிடியம் பிளக்கின் உள்ளேயும் செம்புதான். காப்பர் என்று விற்பதில் நெருப்பில் நிற்கும் முனை நிக்கல் கலவை. செம்பு 1,085 டிகிரியில் உருகிவிடும், அதை முனையில் வைக்க முடியாது. நிக்கல் 1,455, பிளாட்டினம் 1,768, இரிடியம் 2,446 டிகிரி. அதனால்தான் இரிடியத்தை ஊசிபோல் மெல்லியதாக வைக்க முடிகிறது. சாதாரண பிளக்கின் நடுமுனை 2.5 மி.மீ. தடிமன் என்றால் இரிடியத்தில் 0.6, சிலதில் 0.4 மி.மீ.தான். கூரான முனையிலிருந்து ஸ்பார்க் தாவுவது எளிது, இக்னிஷன் காயில் (ஸ்பார்க்குக்கு வோல்டேஜை ஏற்றித் தருவது) குறைந்த வோல்டேஜிலேயே வேலையை முடித்துவிடும். ஆகவே இரிடியம் வெறும் விளம்பரம் என்று சொல்லிவிட முடியாது. காயில் கொஞ்சம் சோர்ந்துபோன பழைய வண்டியில், காலை ஸ்டார்ட்டில் அதற்கு உண்மையிலேயே ஒரு வித்தியாசம் தெரியும்.

மைலேஜும் பிக்கப்பும் கூடும் என்பதுதான் இடிக்கிறது. தேய்ந்த பிளக்கை எடுத்துவிட்டுப் புது பிளக்கைப் போட்டால் இழந்தது திரும்பக் கிடைக்கும். அது புது நிக்கல் பிளக்கைப் போட்டாலும் கிடைக்கும். ‘இரிடியம் போட்டேன், வண்டி பறக்குது’ என்கிறவர்களில் பலர் 40,000 கி.மீ. ஓடித் தேய்ந்த நிக்கலோடு புது இரிடியத்தை ஒப்பிடுகிறார்கள். புது நிக்கலோடு ஒப்பிட்டுப் பார்த்தவர் ரொம்பக் குறைவு.

ஆயுளிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நிக்கல் பிளக்கை 15,000 முதல் 20,000 கி.மீ.க்குள் மாற்றிவிடுவது நல்லது. சின்ன கணக்கு போடலாம். 60 கி.மீ. வேகத்தில் இன்ஜின் 2,500 சுற்று சுற்றினால் ஒரு கி.மீ.க்கு ஒவ்வொரு பிளக்கும் 1,250 முறை தெறிக்கிறது. 20,000 கி.மீ.க்கு இரண்டரைக் கோடி முறை! ஒவ்வொரு முறையும் அணுவளவு உலோகம் போகும். நடுமுனையின் கூர்மை மழுங்கி உருண்டுவிடும், இடைவெளி அகன்றுவிடும். பிளாட்டினமும் இரிடியமும் லட்சம் கி.மீ. வரை போகும் என்பது உண்மைதான். ஆனால் நடுமுனை, வெளிக்கம்பி இரண்டிலும் விலையுயர்ந்த உலோகம் வைத்தவற்றுக்குத்தான் அது பொருந்தும். பழைய வண்டிகளுக்கென்று கடையில் கிடைக்கிற பல இரிடியம் பிளக்குகளில் நடுவில் மட்டும் இரிடியம், வெளிக்கம்பி நிக்கல்தான். அவை அந்தத் தூரம் வராது. பெட்டியில் என்ன போட்டிருக்கிறது என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

என் முடிவு என்னவென்றால், இப்போதைக்கு உங்கள் மெக்கானிக் சொல்வதையே கேளுங்கள். காரணம், பழைய வண்டி என்பதல்ல. நான்காவது சிலிண்டரில் என்ன நடக்கிறது என்று தெரியாத வண்டி அது. நாலும் ஒரே கம்பெனி, ஒரே எண், சாதாரண நிக்கல், பட்டியல் சொன்ன ரேஞ்சில் வாங்கிப் போடுங்கள். சிலிண்டர் கதை தீர்ந்த பிறகு, காலை ஸ்டார்ட் இன்னும் கொஞ்சம் சுலபமாக இருக்கட்டும், அடிக்கடி கழற்றுகிற வேலை குறையட்டும் என்று தோன்றினால் அதே ரேஞ்சில் இரிடியம் போட்டுக்கொள்ளுங்கள். பிபிஆர்6இஎஸ்ஸுக்குப் பிபிஆர்6இஐஎக்ஸ் என்று இணை இருக்கிறது. அப்போதும் எண் 6-தான். உலோகம் மாறினால் ரேஞ்சையும் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

மூன்று கொம்பு, நாலு கொம்பு வைத்த பிளக்குகளையும் காட்டுவார்கள். எத்தனை கொம்பு இருந்தாலும் ஒரு நேரத்தில் ஸ்பார்க் ஒன்றுக்குத்தான் தாவும். அப்படிப்பட்ட பிளக்கோடு தொழிற்சாலையிலிருந்தே வந்த இன்ஜின்களுக்கு அது சரி. உங்களுக்கு வேண்டாம்.

‘ஆர்’ என்கிற ரெசிஸ்டரைப் பற்றி ஒரு வார்த்தை. பொதுவாக 5,000 ஓம் அளவில் இருக்கும், ஸ்பார்க் கிளப்பும் மின் இரைச்சலை அடக்கும். அது இல்லாத பிளக்கைப் போட்டால் ரேடியோ கரகரக்கும், எலெக்ட்ரானிக் இக்னிஷன் மாட்யூல் உள்ள வண்டியில் அதுவே குழம்பலாம். 1994 வண்டி என்பதால் ‘ஆர்’ உள்ளதையே வாங்குங்கள். ‘ஆர் இல்லாவிட்டால் ஸ்பார்க் இன்னும் பலமாக வரும்’ என்பது அந்தக் காலத்துப் பேச்சு.

பெட்டியைப் பிரித்தவுடன் இடைவெளியை அளந்துவிடுங்கள். ‘கம்பெனியிலேயே செட் பண்ணித்தான் வருது’ என்பார்கள். வருகிறது, ஆனால் அதே பிளக் பத்து விதமான இன்ஜின்களுக்குப் போகிறது. வழியில் பெட்டி கீழே விழுந்திருக்கவும் கூடும். பாயிண்ட் செட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் தொடுமுனை) உள்ள பழைய வண்டிகளுக்கு 0.6-லிருந்து 0.8 மி.மீ., எலெக்ட்ரானிக் இக்னிஷனுக்கு 0.8-லிருந்து 1.1 மி.மீ. என்பது பொதுவான அளவு. உங்கள் இன்ஜினுக்கு உரிய எண்ணை அந்த ஸ்டிக்கரிலோ பட்டியலிலோ பாருங்கள். பாயிண்டை எடுத்துவிட்டு இடையில் யாராவது எலெக்ட்ரானிக் கிட் மாட்டியிருந்தால், அந்தக் கிட்டோடு வந்த தாளில் சொன்ன அளவுதான் கணக்கு. வண்டி கேஸிலும் ஓடுகிறது என்றால் அதற்குக் கூடுதல் வோல்டேஜ் தேவைப்படும், இடைவெளியை அகலமான பக்கம் விடாதீர்கள்.

அளப்பதற்குக் கம்பி வகை கேஜ் நல்லது. தட்டையான ஃபீலர் கேஜ், வெளிக்கம்பியில் குழி விழுந்த பழைய பிளக்கில் பொய் சொல்லும். கம்பி லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும், அடுத்த அளவுக் கம்பி போகக் கூடாது. திருத்த வேண்டும் என்றால் வெளிக்கம்பியை மட்டும் வளையுங்கள். நடுமுனையை நெம்புகோலாக வைத்து அழுத்தினால் பீங்கான் மூக்கு விரிசல் விட்டுவிடும், இரிடியம் ஊசியென்றால் பொட்டென்று முறிந்தே போகும். நாணயம் போன்ற வட்டக் கேஜை இரிடியம் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

போலிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், நல்ல கம்பெனி பெயர்களில்தான் அவை அதிகம் வருகின்றன. பீங்கானில் எழுத்து மங்கி, கோணலாக இருக்கும், நகத்தால் சுரண்டினால் உதிரும். மரையின் விளிம்பு சொரசொரவென்று இருக்கும். வாஷர் தளர்ந்து கையோடு கழன்று வரும். நடுமுனையும் வெளிக்கம்பியும் நேர்க்கோட்டில் நிற்காது. மல்டிமீட்டர் இருந்தால் மேல் முனைக்கும் நடுமுனைக்கும் இடையே அளந்து பாருங்கள். ‘ஆர்’ என்று எழுதியிருக்கும், மீட்டர் பூஜ்யம் காட்டும். உள்ளே ரெசிஸ்டரே இல்லை.

மாட்டுவது பத்து நிமிட வேலை, ஆனால் மரை போவதும் அந்தப் பத்து நிமிடத்தில்தான். இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். இனி ஒவ்வொரு முறை கழற்றும்போதும் முதல் ஒரு சுற்று தளர்த்தியதும் நிறுத்தி, பிளக் குழியைச் சுற்றியுள்ள மண்ணை ஊதிவிடுங்கள், இல்லையென்றால் அத்தனையும் சிலிண்டருக்குள் விழும். பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, அதை மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நாலையும் ஒன்றாகப் பிடுங்கிவிட்டு ஃபயரிங் ஆர்டரை (எந்த சிலிண்டருக்குப் பின் எது எரியும் என்ற வரிசையை) யோசிக்கிற நிலைமை வேண்டாம். வயரைப் பிடித்து இழுக்காமல் ரப்பர் மூடியைத் திருகி எடுங்கள். உங்கள் வயரின் உள்ளே இருக்கும் கவ்வி, பிளக்கின் மேல் முனையில் திருகு குமிழ் வேண்டும் வகையா, குமிழ் இல்லாத 4 மி.மீ. மரை வேண்டும் வகையா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். குமிழ் வேண்டும் என்றால் அதை நன்றாக இறுக்கிவிட்டு மாட்டுங்கள். பல மர்ம மிஸ்ஸிங்குகளுக்கு அந்தத் தளர்ந்த குமிழ்தான் காரணம்.

உள்ளே இறக்குவதற்கு நான் இன்றும் ஒரு சாண் நீள ரப்பர் ட்யூபைத்தான் பயன்படுத்துகிறேன். பிளக்கின் மேல் முனையை ட்யூபில் செருகி, ட்யூபை விரலால் உருட்ட வேண்டும். மரை சரியாகப் பிடித்தால் வழுக்கிக்கொண்டு இறங்கும். கோணலாகப் பிடித்தால் பிளக் நின்றுவிடும், ட்யூப் மட்டும் சுற்றும். அப்படி நின்றால் எதிர்ப்பக்கம் மெதுவாகத் திருப்பிக்கொண்டே வாருங்கள். ‘டிக்’ என்று மரை ஒன்று விழுவது விரலுக்குத் தெரியும், அங்கிருந்து மறுபடி தொடங்குங்கள். ஸ்பேனரை முதலிலேயே வைத்தால் இந்த உணர்வு கைக்கு வராது.

கையால் முழுக்க இறங்கி வாஷர் தொட்ட பிறகு, டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுகுகிறது என்று அளந்து காட்டும் ஸ்பேனர்) இருந்தால் 14 மி.மீ. வாஷர் வகைக்கு அலுமினிய ஹெட்டில் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். இல்லையென்றால் புது பிளக்குக்கு அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு சுற்று போதும், வாஷர் நசுங்கி உட்காருவது கையில் தெரியும். அதே பிளக்கைக் கழற்றித் திரும்பப் போடும்போது வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும், பன்னிரண்டில் ஒரு சுற்று, கடிகார முள் ஒரு மணி நேரம் நகர்கிற அளவு, அவ்வளவுதான். கூம்பு வகைக்குப் பதினாறில் ஒரு சுற்று. மரையில் கிரீஸோ ஆன்டி-சீஸோ தடவும் பழக்கம் பலருக்கு உண்டு. இப்போது வரும் பிளக்குகளின் மரையில் முலாம் பூசியே வருகிறது, தடவ வேண்டாம். தடவினால் வழுக்கலில் அதே டார்க்குக்குக் கூடுதலாக இறுகிவிடும்.

பிளக் மாற்றியும் ஐடிலிங் உதறல் போகவில்லை என்றால் திரும்பத் திரும்ப பிளக்கையே குறை சொல்லாதீர்கள். இருட்டில் பானெட்டைத் திறந்து வண்டியை ஓடவிட்டுப் பாருங்கள், வெடித்த பிளக் வயர் நீலமாகப் பொறி விடும் (கையை வைத்துவிடாதீர்கள்). டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உள்ளே பென்சில் கோடுபோல் கரிக்கோடு இருக்கிறதா, வேக்குவம் ஹோஸ் எங்காவது வெடித்திருக்கிறதா என்று அடுத்துப் பாருங்கள்.

பழைய பிளக் நாலையும் எறிந்துவிடாமல் சிலிண்டர் எண் எழுதி வையுங்கள், கம்ப்ரஷன் பார்க்கிறவருக்குக் காட்டலாம். புதியதைப் போட்ட அன்று கி.மீ. மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். 500 கி.மீ. ஓடியதும் நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு வந்து, ஆறவைத்து, இரண்டாவதையும் நான்காவதையும் மட்டும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டாவது, பால் கலந்த காபி நிறத்தில் இருக்க வேண்டும். நான்காவது என்ன நிறத்தில் இருந்தது, விரலில் ஒட்டியதா இல்லையா என்று எனக்கு எழுதுங்கள், ரிங்கா ஸ்டெம் சீலா என்று அப்போது பேசலாம்.